பட்டியலில் இல்லாத செருப்பு

திருவண்ணாமலை
12-8-1997

தம்பி புகழேந்திக்கு,

உனக்குக் கடிதம் எழுதி இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா சென்னையில் உன் வீட்டில் செத்துப்போனபோது, நான் பஸ் பிடித்து வந்து சேருவதற்குள் நீ அவளை எரித்துவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தாய். இனி உன்னோடு பேச்சு இல்லை என்று உன் வாசலிலேயே சொல்லிவிட்டு வந்தேன். அந்த வார்த்தை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இது அக்கா தம்பிக்கு எழுதுகிற கடிதம் என்று நினைத்துக்கொள்ளாதே. ஓர் அரசு ஊழியர், தன் பில்லைத் திருப்பி அனுப்பிய சூப்பரிண்டெண்டுக்கு எழுதுவது.

எந்த பில் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் ஃபைல் கட்டைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க மாடி ஏறி இறங்குவது என் வேலை. போன தை மாதம் ஒருநாள் வராண்டா முழுக்கச் சொட்டுச் சொட்டாக ரத்தம் கிடந்தது. யாருக்கு அடிபட்டது என்று நானே ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பார்த்தால் அது என் வலது காலிலிருந்து வந்த ரத்தம். ஓர் ஆணி செருப்பைத் துளைத்துக் கட்டைவிரலுக்குக் கீழே ஏறியிருக்கிறது. காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறேன், துளி வலி தெரியவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கட்டுப்போட்டு ஆற்றினார்கள். "உணர்ச்சி செத்துப்போன கால்மா இது. இனிமே கடைச் செருப்பு போட்டா காலையே இழந்துடுவீங்க" என்று டாக்டர் சொல்லி, மெத்தென்ற ரப்பர் வைத்து, என் காலுக்கு அளந்து ஒரு ஜோடி செய்து கொடுத்தார். அந்த பில்லைத்தான் மருத்துவ நிதிக்கு அனுப்பினேன். மாசாமாசம் என் சம்பளத்தில் பிடிக்கிறீர்களே, அந்த நிதி. "காலணி மருத்துவச் செலவில் சேராது" என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. கீழே உன் கையெழுத்து.

அந்த ரப்பர் இப்போதே தட்டையாகிவிட்டது. அடுத்த ஜோடி வேண்டும். என்ன செய்யச் சொல்கிறாய்?

இப்படிக்கு,
ஜோதியம்மாள்,
பதிவறை எழுத்தர்


சென்னை
20-8-1997

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்குக் காலில் புண் வந்ததே எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. தங்கள் மகள் எழிலாவது ஒரு கார்டு போட்டிருக்கலாம்.

பில் விஷயம். ஒரு நாளைக்கு நூறு பில் என் மேசையைத் தாண்டிப் போகிறது. நான் பெயரைப் பார்ப்பதில்லை, பட்டியலைத்தான் பார்ப்பேன். எந்தெந்தச் சிகிச்சைக்குப் பணம் தரலாம் என்று அரசு ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது. அதில் விரலை எடுத்தால் உண்டு. பாதத்தை எடுத்தால் உண்டு. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் உண்டு, அதன்பிறகு செயற்கைக் காலுக்கும் உண்டு. செருப்புக்கு இல்லை. இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டியலை நான் போடவில்லை.

ஒரு வழி இருக்கிறது. இது செருப்பு அல்ல, மருத்துவச் சாதனம் என்று டாக்டரிடம் சான்று வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். நானே குழுவின் முன் வைக்கிறேன். அதுவரை காத்திருக்க வேண்டாம். புதுச் செருப்புக்கு நான் பணம் அனுப்புகிறேன்.

அம்மாவைப் பற்றி எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப்போட்டேன். நேரில் சொல்கிறேன்.

தங்கள் தம்பி,
புகழேந்தி


திருவண்ணாமலை
3-11-1997

தம்பிக்கு,

தாங்களும் தங்களுமாக எழுதியிருக்கிறாயே, நான் என்ன உன் டைரக்டரா? மூக்கு ஒழுகிக்கொண்டு என் இடுப்பில் உட்கார்ந்திருந்தவன் நீ. ஒழுங்காக நீ என்று எழுது.

டாக்டரிடம் இரண்டு பக்கத்துக்குச் சான்று வாங்கி அனுப்பினேன். பதில் வந்துவிட்டது. "செருப்பு அனைவரும் அன்றாடம் அணிவது. வசதிக்கான பொருளாகவே கருத இயலும்." உன் குழுவில் இருப்பவர்கள் படித்தவர்கள்தானே? என் காலில் புண் மறுபடியும் வாய் திறந்துவிட்டது. பழைய இடத்திலேயே, நாலணாக் காசு அளவுக்கு. இதுதான் வசதி.

பணம் அனுப்புகிறேன் என்றாய். வேண்டாம். மணியார்டர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். என் சம்பளத்திலிருந்து பிடித்த நிதியிலிருந்து எனக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறேன், உன்னிடம் தர்மம் கேட்கவில்லை. எழிலுக்கு இது பிடிக்கவில்லை. "மாமா குடுத்தா வாங்கிக்கயேம்மா, கால் இன்னா உன் ரோஷத்துக்கா காத்துக்கினு இருக்கும்?" என்று தினமும் சண்டை போடுகிறாள். இருபத்துமூன்று வயசாகிவிட்டது, ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் வேலை. அப்பன் இல்லாத பெண்ணுக்கு ஒரு நல்ல இடம் பார்த்துக் கொடுத்துவிட்டால் போதும். அதுவரை இந்தக் கால் தாங்க வேண்டும்.

அக்கா


சென்னை
14-11-1997

அன்புள்ள அக்காவுக்கு,

சரி, நீ என்றே எழுதுகிறேன்.

குழுவில் நானும் உட்கார்ந்திருந்தேன். பேசவும் பேசினேன். "இன்னிக்கி செருப்புக்குக் குடுத்தா நாளைக்கு குடைக்கும் கேப்பாங்க சார்" என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். அப்படியே அடுத்த பில்லை எடுத்துவிட்டார்கள்.

வேறு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். கோபப்படாமல் கேள். வேலூரில் உனக்குச் செய்து கொடுத்தது போலவே, அதே ரப்பர் போட்ட செருப்பை, தொழுநோய் வந்தவர்களுக்கு அரசு இலவசமாகத் தருகிறது. அவர்களுக்கும் காலில் உணர்ச்சி இருக்காது, உனக்கும் இருக்காது. கால் எல்லாம் ஒன்றுதான். அந்தப் பிரிவில் உங்கள் ஊரில் இருசப்பன் என்று ஒருவன் சூப்பர்வைசராக இருக்கிறான், என்னோடு காலேஜில் படித்தவன். அவனிடம் பேசிவிட்டேன். நீ போய் என் பெயரைச் சொன்னால் போதும். ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி கிடைக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

எனக்காகப் போ.

புகழ்


திருவண்ணாமலை
25-1-1998

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழிக்கத்தான் எடுத்தேன். எழில் பிடுங்கிப் படித்துவிட்டு, பல் விளக்கின கையோடு என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

போனேன். வரிசையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். நான் யாரையும் ஒட்டாமல் ஓரமாக உட்கார்ந்தேன். முந்தானையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருசப்பன் நல்ல மாதிரியாகப் பேசினார். பெரிய நோட்டில் பெயர், வயசு, தெரு, வீட்டு நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டார். செருப்பு கொடுத்ததற்குக் கணக்கு வேண்டுமல்லவா? கறுப்பு ரப்பர், நீலப் பட்டை. போட்டு நடந்தால் தரையில் நடக்கிற மாதிரியே இல்லை.

புண் மூடிவிட்டது. பொங்கலுக்கு முன்னாலேயே தோல் சேர்ந்துவிட்டது. மாடிக்கு ஏறி இறங்குகிறேன், ஆபீசில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. புடவையைக் கொஞ்சம் தழையக் கட்டிக்கொள்கிறேன்.

இன்னொரு நல்ல சேதி. அடிஅண்ணாமலையில் ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் தருமன், பால் சொசைட்டியில் வேலை. அம்மா ராணியம்மாள் கொஞ்சம் கறார், ஆனால் எழிலைப் பார்த்ததும் பிடித்துப்போய்விட்டது. சித்திரைக் கடைசியில் நிச்சயம். நீ வர வேண்டும். உன்னோடு பேச்சு இல்லை என்றது அப்படியே இருக்கட்டும், தாய்மாமன் முறைக்கு வந்து நில்.

அக்கா


சென்னை
2-2-1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை. நிச்சயத்துக்குப் பட்டுப்புடவை நான் எடுத்து வருகிறேன். அதையாவது திருப்பி அனுப்பாதே.

வீட்டு நம்பர் எதற்கு வாங்கினான் என்று தெரியவில்லை. இருசப்பனுக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்கிறேன். ஒன்றும் இருக்காது.

புகழ்


திருவண்ணாமலை
26-4-1998

புகழேந்திக்கு,

பட்டுப்புடவை எடுக்க வேண்டாம். எடுத்திருந்தால் உன் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிடு.

வியாழக்கிழமை ராணியம்மாளும் அவர்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் ரவிக்கைக்கு அளவு எடுக்க வந்திருந்தார்கள். காப்பி கொடுத்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் ஜீப் வந்து நிற்கிறது. பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் தொழுநோய் ஒழிப்பு என்று எழுதியிருக்கிறது. இரண்டு பேர் நோட்டோடு இறங்கி, "பேஷண்ட் ஜோதியம்மா வீடு இதானே?" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார்கள். ஒருத்தர் பெயர் நோட்டில் ஏறினால், அந்த வீட்டில் இருக்கிற எல்லோரையும் தேடி வந்து சோதிப்பது அவர்கள் வேலையாம். அவர்கள் மேல் தப்பில்லை. எழிலை உட்காரவைத்து, "கண்ண மூடிக்கம்மா. தொட்டா சொல்லு" என்று முழங்கையிலும் முதுகிலும் பேனா முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவளும் கண்ணை மூடிக்கொண்டு "ஆங், ஆங்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ராணியம்மாள் காப்பி டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை மதில் மேலே தலையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். நேற்று சேதி வந்துவிட்டது. ஜாதகம் சரியில்லையாம். மூன்று மாதமாகச் சரியாக இருந்த ஜாதகம்.

அது சர்க்கரை, வேறு ஒன்றும் இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? நோட்டில் இருக்கிறதே. அந்த நோட்டிலிருந்து என் பெயரை நீயே அடித்துக் கொடு. செருப்பை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். இனி அதைத் தொட மாட்டேன்.

ஜோதியம்மாள்


சென்னை
4-5-1998

அக்கா,

இதை மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது. உன்னை நோயாளி என்று எழுதச் சொன்னது நான்தான். நோட்டில் பெயர் இல்லாமல் செருப்பு தர முடியாது என்று இருசப்பன் சொன்னான். எழுதிக்கொள், காகிதம்தானே என்றேன். இருபது வருஷமாகக் காகிதத்தோடுதான் பிழைப்பு நடத்துகிறேன். அது ஜீப்பில் ஏறி உன் வீட்டுக்கு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலூர் டாக்டரிடம் சான்று வாங்கிக்கொண்டு ராணியம்மாள் வீட்டுக்கு நானே போகிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். ஆபீசில் பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். பெயரை அடிக்கவும் வழி பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செருப்பைப் பரணிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள். என் மேல் இருக்கிற கோபத்தை உன் கால் மேல் காட்டாதே.

புகழ்


திருவண்ணாமலை
14-5-1998

புகழேந்திக்கு,

நீ வந்து யார் காலிலும் விழ வேண்டாம். நானே போய்வந்துவிட்டேன்.

சித்ரா பௌர்ணமி அன்று மலை சுற்றினேன். ஊரே பொழுது சாய்ந்து குளிர்ந்த பிறகு கிளம்பும். நான் மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பினேன். வெளிச்சத்தில் எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான். மலை சுற்ற வெறுங்காலோடுதான் போவார்கள், அதனால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். விரல் மழுங்காத, நகம் போகாத காலை ஊர் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்று நினைத்தேன். எழில் கோடை லீவு ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். வீட்டில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

செங்கம் ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. ஆசிரமத்துக்கு எதிரில் வெள்ளைக்காரர்கள்கூட ஓரத்து மண்ணில் ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் சுடவில்லை. அருணாசலேஸ்வரன் எனக்காக ரோட்டைக் குளிரவைத்திருக்கிறான் என்றே நினைத்தேன், தம்பி. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அடிஅண்ணாமலையில் ராணியம்மாள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, நடக்கிறவர்களுக்கு நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் நேரே போய்க் கல்லில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினேன். "பாருங்க சம்பந்தி, பத்து வெரலும் இருக்குது. நல்லா பாருங்க" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறிப்போய்விட்டது. "அய்யோ, உள்ளங்கால் தோலு அப்டியே கழண்டு தொங்குதே. ரத்தமா கொட்டுது. உங்களுக்குத் தெரியலையா?" என்றார்.

தெரியவில்லை என்று சொன்னேன். உண்மையைத்தானே சொல்ல முடியும்? சுற்றி நின்றவர்களில் ஒருத்தி சொன்னாள்: "தெரியாது. அந்த வியாதிக்காரங்களுக்கு சுட்டாலும் தெரியாதுன்னு சொல்லுவாங்கல்ல." தருமன்தான் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டான். பின்னாலேயே வாளித் தண்ணீரை ஊற்றி அந்தக் கல்லைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

காட்டத்தான் போனேன். காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா


சென்னை
19-5-1998

அக்கா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. இது உனக்குக் கிடைக்கிற நிமிஷமே வேலூருக்குக் கிளம்பு. ஆபீஸ், லீவு, ராணியம்மாள், எதையும் யோசிக்காதே. எழிலிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. எழில், அம்மா சொல்வதைக் கேட்காதே. கார் வைத்துக்கொண்டு போ. நான் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன்.

புகழ்


சென்னை
9-7-1998

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் உன் பக்கத்தில் இருந்தேன். உனக்குக் காய்ச்சலில் பாதி நேரம் நினைவில்லை. அம்மா என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நானும் கையை எடுக்கவில்லை. எழில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாதது சரிதான்.

உன் பில் வந்தது. "முழங்காலுக்குக் கீழ் நீக்கம், வலது." பட்டியலில் பதினேழாவது வரி. குழு இல்லை, சான்று இல்லை, கேள்வி இல்லை. எட்டே நாளில் பாஸ் ஆகிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். போடாவிட்டால் உனக்குத்தான் நஷ்டம் என்று போட்டேன். அன்றைக்கு ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன்.

நீ கேட்ட காரியம் முடிகிற மாதிரி இருக்கிறது. தவறுதலாகப் பதிவானது, நோய் இல்லை என்று எழுதி உன் பெயரை அடித்துவிட இருசப்பன் சம்மதித்துவிட்டான். அவனுக்கு மெமோ வரும், எனக்கும் வரலாம். வரட்டும். இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதன்பிறகு எழிலுக்கு யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

உன் தம்பி,
புகழ்


திருவண்ணாமலை
20-7-1998

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. இல்லாத காலில் விரல் அரிக்கிறது. இருந்தபோது ஆணி ஏறியதுகூடத் தெரியாத கால், போன பிறகு ராத்திரி பகலாக அரிக்கிறது. இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்?

தெருவில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. முன்பு அப்படி இருக்குமோ என்று பேசினார்கள். இப்போது கால் போனதைப் பார்த்துவிட்டு, அதேதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாஞ்சாலை குழம்பு கொடுத்தாள், பாவம், இரக்கப்பட்டுத்தான். ஆனால் கிண்ணத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உன் படிவம் வந்தது. கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். அப்போது எழில் என் இடது காலை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி பாரமெல்லாம் இந்த ஒரு கால் மேல்தான், ரப்பர் செருப்பு இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது, வைத்தால் ஒரு வருஷத்தில் இதையும் எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். செயற்கைக் கால் உன் நிதி தரும் என்றார்கள். இந்தக் காலுக்கு? ஆபீசில் ஆள் விட்டுக் கேட்டேன். பட்டியல் மாறவில்லையாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வேலூருக்குப் போய் அளவு கொடுத்துக் காத்துக்கிடக்க இனி என் உடம்பில் தெம்பு இல்லை. இந்த ஊரில் அந்தச் செருப்பு கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். பெயரை அடித்துவிட்டால் அந்த இடமும் இல்லை.

எழில் படிவத்தை என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். "பேர அடிச்சா என்னை யாராவது கட்டிக்குவாங்கன்னு பாக்கறியா? வேணாம்மா. இந்தப் பேர வச்சிக்கினு எனக்கு இன்னா வருதோ வரட்டும். இன்னொரு காலை என்னால குடுக்க முடியாது" என்றாள். நான் சத்தம் போட்டேன், அழுதேன், உன் வாழ்க்கை போய்விடும் என்றேன். அவள் கேட்கவில்லை. மறுநாளே இருசப்பன் ஆபீசுக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பு வாங்கிவந்தாள். யாருக்கு என்று கேட்டதற்கு, எங்கம்மாவுக்கு என்று சொன்னாளாம். தலையை மூடிக்கொள்ளவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவளால் இல்லை, என்னால்.

அம்மா விஷயத்தில் உன் மேல் இருக்கிற வருத்தம் போகவில்லை. இந்த விஷயத்திலும் போகவில்லை. உன்னை நினைத்தால் ஒரு நேரம் கோபமும் ஒரு நேரம் பாவமும் வருகிறது. லீவு கிடைத்தால் வா. வாசலில் நிறுத்த மாட்டேன்.

படிவத்தைக் கையெழுத்தில்லாமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் பெயரை அடிக்க வேண்டாம். நோட்டில் அப்படியே இருக்கட்டும். அடுத்த ஜோடி தை மாதத்துக்கு முன்னால் வேண்டும் என்று இருசப்பனுக்குச் சொல்லிவை. ஜோடியாகத் தர வேண்டியதில்லை, இடது கால் மட்டும் போதும்.

அக்கா
ஜோதி